கொம்ப்ளிமென்டா, கொம்ப்ளெமென்டா? திருமலை விடுதி வேலைக்குப் புதிதாக வருவோருக்கு

திருகோணமலையில் விடுதி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஆங்கிலம் கதைப்பது பெரிய பிரச்சினை இல்லை. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஒரு சீசன் நின்றால் நாக்கு தானாகப் பழகிவிடும். சிக்கல் எழுதும்போதுதான். மெனு, அறைக்குள் வைக்கிற அட்டை, வட்ஸ்அப்பில் அனுப்பும் பதில், முன்பதிவுத் தளத்தில் போடும் விபரம், ஸ்பா வாசல் பலகை என்று எல்லாவற்றையும் கடைசியில் ரிசெப்ஷனில் நிற்கிற பிள்ளையிடம்தான் தள்ளிவிடுவார்கள்.

அப்படி எழுதுகிறபோது நல்ல ஆங்கிலம் தெரிந்தவர்களையும் இடறி விழுத்துகிற சோடிச் சொற்கள் சில இருக்கின்றன. விடுதித் தொழிலில் அவற்றுள் முதலிடம் கொம்ப்ளிமென்டுக்கும் கொம்ப்ளெமென்டுக்கும்தான். இரண்டும் பெயர்ச்சொல். இரண்டுக்கும் பத்து எழுத்து. ஒன்பது எழுத்து அப்படியே ஒன்று; ஆறாவது எழுத்து மட்டும் வேறு. ஒன்றில் ஆங்கில எழுத்து ‘ஐ’, மற்றதில் ‘ஈ’. இந்தக் கட்டுரையில் ‘ஐ’ வருவதைக் கொம்ப்ளிமென்ட் என்றும், ‘ஈ’ வருவதைக் கொம்ப்ளெமென்ட் என்றும் எழுதுகிறேன். தமிழில் ‘ளி’, ‘ளெ’ என்று கண்ணுக்குத் தெரிகிற இந்த வேறுபாடு ஆங்கிலம் பேசுகிறவர் வாயில் தெரியாது. அதிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் காதை ஒதுக்கி வையுங்கள்

இங்கிலாந்திலிருந்து வந்த விருந்தினர் இரண்டு சொல்லையும் ஒரே மாதிரித்தான் உச்சரிப்பார். முதல் அசையில் அழுத்தம் விழும், நடு அசை பட்டும் படாமலும் போய்விடும். அந்த நடு அசையில்தான் நம்முடைய ‘ஐ’யும் ‘ஈ’யும் இருக்கின்றன. ஆகவே “அவர் எப்படிச் சொன்னார்?” என்று நினைவுபடுத்திப் பார்த்து எழுத முடியாது. நம்மில் சிலர் வேறுபாடு காட்டவேண்டும் என்று ‘ளெ’யை அழுத்திச் சொல்வதுண்டு. தேவையில்லை, அது செயற்கையாகத்தான் கேட்கும்.

கணினியையும் நம்பாதீர்கள். எழுத்துப்பிழை பார்க்கும் வசதி சிவப்புக் கோடு போடுவது, அகராதியில் இல்லாத சொல்லுக்குத்தான். இவை இரண்டுமே அகராதியில் உள்ளவை. பிழையான இடத்தில் சரியான சொல்லைப் போட்டால் பல நேரம் அது பேசாமல் இருந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. நம் கடற்கரைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆங்கிலேயர் இல்லை. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலிய மொழிகளிலும் இந்தச் சோடி இருக்கிறது. அங்கேயும் ஒன்று பாராட்டு, மற்றது நிரப்புவது. ஆனால் அந்த மொழிகளில் இரண்டும் வேறு வேறாக ஒலிக்கும். ஆங்கிலேயர் கவனிக்காமல் தாண்டிப்போகிற பிழை ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணில் சட்டென்று படலாம். “வெள்ளைக்காரருக்கே தெரியாது, விடு” என்று சமையலறைப் பக்கத்திலிருந்து வருகிற ஆறுதலை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, இரண்டின் பொருளையும் தனித்தனியாகப் பிடியுங்கள்

கொம்ப்ளிமென்ட் என்றால் பாராட்டு. ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் நல்ல வார்த்தை, மரியாதை வார்த்தை. “நண்டுக்கறி அருமை” என்று விருந்தினர் சொன்னால் அது ஒரு கொம்ப்ளிமென்ட். பன்மையில், கொம்ப்ளிமென்ட்ஸ் என்று வரும்போது, வணக்கம், வாழ்த்து என்ற பொருளும் சேர்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் இதைக் கொடுப்பதற்குப் பெரும்பாலும் ‘பே’ என்ற வினைச்சொல்லைத்தான் போடுவார்கள். விருந்தினர் உங்களுக்கு ஒரு கொம்ப்ளிமென்டை ‘பே’ பண்ணினார் என்று யாராவது சொன்னால் கல்லாவைத் திறக்க வேண்டாம், பாராட்டினார், அவ்வளவுதான்.

கொம்ப்ளெமென்ட் என்றால் நிரப்புவது. ஒன்றோடு சேர்ந்து அதை முழுமையாக்குவது, அல்லது முழுமையாவதற்குத் தேவையான மொத்த எண்ணிக்கை. இதைத் தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் சாதாரண தரக் கணிதத்திலேயே பார்த்துவிட்டார்கள். இரண்டு கோணங்களைக் கூட்டினால் 90 பாகை வந்தால் அவை நிரப்பு கோணங்கள். 30 பாகைக்கு 60 பாகை நிரப்பி. தொடைகள் பாடத்தில் அகிலத்தொடையிலிருந்து ஒரு தொடையைக் கழித்தால் மிஞ்சுவது அதன் நிரப்பி. அந்த ‘நிரப்பி’க்கு ஆங்கிலம் கொம்ப்ளெமென்ட், ‘ஈ’ போட்டது. பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் நமக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார்கள். தலைக்குள் ‘நிரப்பி’ என்று வந்தால் கை ‘ஈ’யைப் போட வேண்டும்.

எழுத்தை நினைவில் வைக்க இன்னொரு வழி: முழுமை என்பதற்கு நாம் தினமும் சொல்கிற ‘கொம்ப்ளீட்’. அதன் ஆங்கில எழுத்துகளில் முதல் ஆறும், கொம்ப்ளெமென்டின் முதல் ஆறும் ஒன்றேதான், ஆறாவது ‘ஈ’. பாராட்டுக்கு, ஆங்கிலத்தில் ‘ஐ’ என்றால் நான். பாராட்டு எனக்குப் பிடிக்கும். ‘ஐ’ போடு. பகிடிபோல இருக்கும், ஆனால் மறக்காது.

ஏன் இப்படி ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்று கேட்டால், இரண்டுக்கும் தாய் ஒன்று. நிரப்புதல் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ‘ஈ’ போட்டது அந்தப் பொருளை அப்படியே வைத்துக்கொண்டது. மற்றது இத்தாலி, பிரான்ஸ் வழியாகச் சுற்றிவந்தது. மரியாதைக்குச் செய்யவேண்டியதை நிறைவேற்றுதல் என்ற கருத்து அங்கே சேர்ந்து, கடைசியில் மரியாதை வார்த்தை, பாராட்டு என்று ஆகிவிட்டது. முன்பு ஆங்கிலத்தில் இந்தப் பொருளுக்கும் ‘ஈ’ போட்டே எழுதினார்கள். 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பிரெஞ்சிலிருந்து ‘ஐ’ எழுத்துக்கூட்டல் வந்து பாராட்டைத் தனியாகப் பிரித்தெடுத்தது.

மூன்றாவது, சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பாருங்கள்

எழுதப்போகிற வசனத்தை முதலில் தமிழில் நினையுங்கள். சொல் வரும் இடத்தில் ‘பாராட்டு’ அல்லது ‘வாழ்த்து’ பொருந்தினால் ‘ஐ’. ‘நிரப்புவது’ அல்லது ‘ஏற்ற துணை’ பொருந்தினால் ‘ஈ’. சில உதாரணங்களைப் போட்டுப் பார்க்கலாம்.

மெனுவில் இடியப்பத்துக்குக் கீழே “தேங்காய்ச் சம்பல் இதற்கு ஏற்ற துணை” என்று எழுத நினைக்கிறீர்கள். சம்பல் இடியப்பத்தைப் பாராட்டவில்லை, நிறைவாக்குகிறது. கொம்ப்ளெமென்ட். இதற்குப் பின்னால் ‘டு’ வரும்: இடியப்பத்துக்கு, அதாவது இடியப்பத்தோடு சேர.

விருந்தினர் எழுந்துபோகும்போது “மை கொம்ப்ளிமென்ட்ஸ் டு த ஷெஃப்” என்கிறார். சமையற்காரருக்குத் தன் பாராட்டைச் சொல்லச் சொல்கிறார். ‘ஐ’. இங்கேயும் ‘டு’ வந்திருப்பதைக் கவனியுங்கள். அதனால் பின்னால் வரும் சின்னச் சொல்லை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஆனால் எதற்காகப் பாராட்டினார் என்று சொல்லும்போது ‘ஒன்’ வரும். அறையின் சுத்தத்துக்காக, தோட்டத்துக்காக என்றால் ‘ஒன்’. அந்த ‘ஒன்’ தெரிந்தால் ‘ஐ’ என்று நம்பலாம்.

திமிங்கிலம் பார்க்கப் போகும் வள்ளம் முழு ஆட்களோடு புறப்பட்டது என்று எழுதவேண்டும். ‘முழு’ என்ற சொல்லோடு வரும் எண்ணிக்கை. கொம்ப்ளெமென்ட், பின்னால் ‘ஒஃப்’.

கப்பல் விஷயத்தில் இந்தச் சொல் திருமலைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கம். துறைமுகம், கோட்டை, பழைய கடற்படைத் தளம் என்று கேட்டுக்கொண்டு வருகிற விருந்தினர் நிறையப் பேர். ஒரு கப்பலில் இருக்கவேண்டிய மொத்த மாலுமிகளின் எண்ணிக்கையை ஆங்கிலத்தில் கொம்ப்ளெமென்ட் என்பார்கள். போர்க்கப்பல் பற்றிய விபர அட்டவணைகளில் நீளம், வேகம், ஆயுதம் என்று வரும் வரிசையில் அதற்கும் ஒரு வரி இருக்கும். நம் அரச அலுவலகங்களில் ஆளணி என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். நம் ஊரின் பெயரைத் தாங்கிய எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி என்ற பாய்மரப் போர்க்கப்பல் 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் அருங்காட்சியகக் கப்பலாக மிதக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருமலையைத் தாக்கிய அதே நாளில், முதல் நாள் இரவு இங்கிருந்து வெளியேறிய எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இந்தக் கதைகளை வரவேற்பறையில் ஒட்டுகிற துண்டறிக்கையில் எழுதும்போது மாலுமிகளின் தொகைக்கு ‘ஐ’ போட்டுவிட்டால், கப்பல் இத்தனை நூறு பேரின் பாராட்டோடு புறப்பட்டது என்று ஆகிவிடும். கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு விருந்தினர் வாசித்தால் நன்றாகச் சிரிப்பார்.

நாலாவது, பில்லைப் பாருங்கள்

இதுவரை சொன்னதில் பிழைவிட்டால் சிரிப்போடு போய்விடும். இங்கே பிழைவிட்டால் காசு போகும். இந்தப் பகுதியை மட்டும் ஆறுதலாக வாசியுங்கள்.

இரண்டு பெயர்ச்சொல்லிலிருந்தும் உரிச்சொல் ஒவ்வொன்று பிறக்கிறது. கொம்ப்ளிமென்டரி, கொம்ப்ளெமென்டரி. ‘ஐ’ போட்டதற்குப் பாராட்டுகிற என்ற பொருளோடு ‘இலவசமான’ என்ற பொருளும் உண்டு. “எங்கள் வாழ்த்துகளோடு” என்று சொல்லி ஒரு பொருளை அனுப்பினால் அதற்குக் காசு வாங்குவது முறையில்லை அல்லவா? அந்த வழக்கத்திலிருந்து வந்த பொருள்தான் இது. அறைக்குள் வைக்கும் தண்ணீர்ப் போத்தல், வந்து இறங்கியதும் கொடுக்கும் இளநீர், எல்லாம் கொம்ப்ளிமென்டரி.

‘ஈ’ போட்டதற்கு இலவசம் என்ற பொருள் இல்லவே இல்லை. ஒன்றையொன்று நிரப்புகிற, சேர்த்துச் செய்கிற என்பதுதான் பொருள்.

இனி ஸ்பா பலகைக்கு வாருங்கள். ஆயுர்வேதம், அக்குபங்சர், நறுமண எண்ணெய்ச் சிகிச்சை போன்றவற்றை ஆங்கிலத்தில் கொம்ப்ளெமென்டரி மெடிசின், கொம்ப்ளெமென்டரி தெரபி என்று சொல்வார்கள். வழக்கமான மருத்துவத்தோடு சேர்த்துச் செய்யப்படுவது என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனம்கூடப் பாரம்பரிய மருத்துவத்தைப் பற்றிய தன் ஆவணங்களில் இந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறது. இது ‘ஈ’. காசுக்குச் செய்கிற சிகிச்சை. அதே பலகையில் ஆறாவது எழுத்து ‘ஐ’ ஆகிவிட்டால், எண்ணெய் தேய்ப்பது இலவசம் என்று எழுதியதாகிவிடும். விருந்தினர் ஒரு மணித்தியாலம் படுத்து எழும்பிவிட்டு, பில் நீட்டும்போது பலகையைக் கைகாட்டினால் உங்களிடம் பதில் இருக்காது. அவர் பக்கம்தான் நியாயம்.

மறுபக்கமும் உண்டு. இலவசக் காலைச் சாப்பாட்டை விளம்பரப்படுத்தி, அதில் ‘ஈ’ போட்டால் பணம் போகாது, ஆனால் விளம்பரம் வீணாகும். விளங்கினவர் பிழை என்று நினைப்பார். விளங்காதவர் இலவசம் என்றே அறியமாட்டார். இணையத்தில் விடுதி விபரங்களில் அதிகம் கண்ணில் படுகிற பிழை இதுதான் என்பது என் எண்ணம்.

இரண்டு பொருளும் பொருந்துகிற இடங்கள்தான் மோசமானவை. மெனுவில் “சுட்ட அறக்குளா, கொம்ப்ளெமென்டரி பானத்துடன்” என்று இருந்தால் என்ன அர்த்தம்? மீனுக்கு ஏற்ற பானமா, மீனோடு இலவசமாக வரும் பானமா? ‘ஈ’யைப் பார்த்தால் ஏற்ற பானம். ஆனால் மெனுக்களில் இந்தப் பிழை அடிக்கடி வருவதால், வாசிக்கிறவர் இலவசம் என்று எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. இப்படியான இடத்தில் சரியான எழுத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. வசனத்தையே மாற்றுங்கள். இலவசம் என்றால் ‘ஃப்ரீ’ என்று போடுங்கள். தேசிக்காய்ச் சாறு என்றால் தேசிக்காய்ச் சாறு என்றே எழுதிவிடுங்கள்.

உண்மையில் என் ஆலோசனை அதைவிட ஒருபடி மேலே: சின்ன விடுதி என்றால் கொம்ப்ளிமென்டரி என்ற சொல்லையே குறையுங்கள். அது பெரிய ஹோட்டல் பாஷை. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் பாராட்டுக்குரிய சொல்லுக்கு இலவசம் என்ற பொருள் கிடையாது. அந்த மொழிக்காரர் பலருக்கு இது உடனே பிடிபடாது. ‘ஃப்ரீ’ எல்லாருக்கும் விளங்கும். ஐந்து நட்சத்திர மிடுக்கு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

அதோடு, இலவசம் வேறு, விலைக்குள் அடக்கம் வேறு. பி.பி. (படுக்கையும் காலைச் சாப்பாடும்) அடிப்படையில் அறை கொடுத்தால் காலைச் சாப்பாட்டின் விலை அறை வாடகைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு ‘இன்க்ளூடட்’ என்று எழுதுவதுதான் நேர்மையானது. வாடகைக்குள் வராத, நீங்களாக மனமுவந்து கொடுப்பதற்கு மட்டும் கொம்ப்ளிமென்டரியை வைத்துக்கொள்ளுங்கள்.

இதே குடும்பத்தில் மூன்றாவது ஆள் ஒன்று உண்டு, சப்ளிமென்ட். தோற்றத்தில் இவை இரண்டையும் போலவே இருக்கும், ஆங்கில எழுத்தில் இதற்கு ‘ஈ’தான். விடுதிக் கணக்கில் இதன் பொருள் மேலதிகக் கட்டணம். இரண்டு பேருக்கான அறையில் ஒருவர் தனியாகத் தங்கினால் சிங்கிள் சப்ளிமென்ட். பி.பி.யில் வந்தவர் இராச் சாப்பாடும் வேண்டும் என்று எச்.பி.க்கு (காலை, இரா இரண்டு சாப்பாடும் சேர்ந்தது) மாறினால் அதற்கு ஒரு சப்ளிமென்ட். தெற்குக் கரை ஹோட்டல்களில் நத்தாருக்கும் 31ஆம் திகதி இரவுக்கும் கட்டாய விருந்துச் சப்ளிமென்ட் போடுவதுண்டு. டிசம்பரில் இங்கே மழைக்காலம் என்பதால் அந்தச் சங்கடம் நமக்குக் குறைவு. கொம்ப்ளிமென்டரி பில்லில் பூச்சியம், சப்ளிமென்ட் பில்லில் கூடுதல். அவசரத்தில் ஒன்றுக்கு ஒன்றை மாற்றி எழுதினால் அர்த்தம் தலைகீழாகிவிடும். கணிதம் படித்தவர்களுக்கு இதுவும் பழைய ஆள்தான்: 180 பாகைக்கு வரும் மிகைநிரப்பு கோணம். ‘மிகை’ என்றால் கூடுதல்; பில்லிலும் கூடுதல்.

இலவசம் என்று எழுதுகிறபோது எல்லையையும் எழுதிவிடுங்கள். “புறாத்தீவுக்கு இலவச வள்ளம்” என்று போட்டால், தீவுக்குள் போக வனசீவராசிகள் திணைக்களத்துக்குக் கட்டும் நுழைவுச்சீட்டும் அதற்குள் அடக்கம் என்றுதான் வருகிறவர் நினைப்பார். அது உங்கள் கையில் உள்ள காசு இல்லை. “நுழைவுச்சீட்டு வேறாக” என்ற ஒரு வரி அந்த வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

ஐந்தாவது, மலர் விளம்பரமும் பரிசு அட்டையும்

விடுதிக்கு வெளியே இந்தச் சொல்லை நாம் அதிகம் பார்ப்பது விழா மலர்களில். பாடசாலை ஆண்டு மலர், விளையாட்டுப் போட்டி மலர், கோயில் கும்பாபிஷேக மலர் எதை எடுத்தாலும் கடைசிப் பக்கங்களில் கடைகளின் பெயர்களுக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்து வரி இருக்கும்: “வித் பெஸ்ட் கொம்ப்ளிமென்ட்ஸ் ஃப்ரொம்”. நல்வாழ்த்துகளுடன் என்று அர்த்தம். இது எப்போதும் ‘ஐ’, எப்போதும் பன்மை. ‘ஈ’ போட்டால் “சிறந்த நிரப்பிகளுடன்” என்று வரும். ஒரு மலரில் ஒருவர் ‘ஈ’ போட்டுவிட்டால் அடுத்த வருடம் அதையே பார்த்து மற்றவர் கொடுப்பார், அப்படியே பரவும். ஆகவே பழைய மலரைப் பார்த்து எழுதாதீர்கள்.

விருந்தினர் பிறந்தநாளுக்கு கேக் அனுப்பும்போது வைக்கும் அட்டைக்கும், புதுவருட வாழ்த்துக்கும் இதே விதி.

ஆறாவது, பாராட்டு வந்தால் என்ன செய்வது

இது எழுத்து விஷயம் இல்லை, ஆனால் புதிதாக வந்தவர் தெரிந்திருக்க வேண்டியது. பரபரப்பான நேரத்தில் விருந்தினர் ஒருவர் வந்து கொம்ப்ளிமென்ட் என்று தொடங்கினால், காதில் ‘கொம்ப்ளெயின்ட்’ என்று விழுந்துவிடும். முறைப்பாடு என்று பயந்து “சொரி” சொல்லத் தொடங்கினால் அவருக்கும் ஒன்றும் விளங்காது. முகத்தைப் பாருங்கள், முழு வசனமும் முடியும்வரை பொறுங்கள்.

பாராட்டை மறுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. “ஐயோ, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை” என்போம். தமிழில் அது பணிவு. ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால் அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று ஆகிவிடும். “தேங்க் யூ, சமையலறைக்குச் சொல்கிறேன்” என்றால் போதும். அப்புறம் உண்மையிலேயே போய்ச் சொல்லுங்கள், மத்தியானம் முழுக்க அடுப்படியில் நிற்கிற அக்காவுக்கு அது சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியது.

சில பாராட்டில் முள் இருக்கும். “இந்த விலைக்கு அறை மோசமில்லை” என்பது போல. ஆங்கிலத்தில் இதை ‘பேக்ஹேண்டட் கொம்ப்ளிமென்ட்’ என்பார்கள். அதற்கும் நன்றிதான் பதில், ஆனால் விலையைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விமர்சனத் தளத்தில் நல்லதாக எழுதியவருக்குப் பதில் எழுதும்போது, பாராட்டுக்கு நன்றி என்ற வரியில் ‘ஐ’ வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதை அவர் மட்டும் வாசிக்கப்போவதில்லை.

ஏழாவது, அச்சகத்துக்கு வாயால் சொல்லாதீர்கள்

பதாகைக்கு வசனம் கொடுக்கும்போது தொலைபேசியில் வாசித்துக் காட்டுவது பழக்கம். ஓசை ஒன்றாக இருப்பதால் அச்சகத்தில் இருப்பவர் தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் போடுவார். அவரில் பிழையில்லை. வசனத்தைத் தட்டச்சு செய்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கையால் எழுதிப் படம்பிடித்து அனுப்புவதும் வேண்டாம். கையெழுத்தில் புள்ளி போடாத ‘ஐ’யும் சின்ன ‘ஈ’யும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

புரூப் வந்தால் முழுச் சொல்லையும் வாசிக்காதீர்கள். முழுச்சொல்லாக வாசிக்கும்போது மூளை தான் எதிர்பார்த்ததையே பார்த்துக்கொள்ளும். விரலை வைத்து ஆறு எண்ணுங்கள், அந்த எழுத்தை மட்டும் பாருங்கள். சரி என்று எழுதி அனுப்பிய பிறகுதான் அச்சு.

ஏற்கெனவே அச்சடித்துவிட்டது என்றால்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முதலாளி சம்மதிக்கமாட்டார். முன்பதிவுத் தளத்திலும் விடுதியின் இணையப்பக்கத்திலும் இருப்பதை இன்றைக்கே திருத்துங்கள், அதற்குச் செலவில்லை. அடுத்தது ஸ்பா பலகையும் விலைப்பட்டியலும், ஏனென்றால் அங்கேதான் காசுத் தகராறு வரும். புதிய பலகை வரும்வரை அந்தச் சொல்லின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாலும் போதும். அறைக்குள் வைக்கும் அட்டைகள் முடிந்து புதிதாக அடிக்கும்போது மாற்றலாம். லமினேட் செய்த மெனுவை ஒக்டோபருக்குப் பிறகு, ஆட்கள் குறைந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் விலைகளை மாற்ற அதை ஒருமுறை அடிக்கத்தான் வேண்டிவரும்.